தனி இலை

திங்கள், விருதுநகர்

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 7 மணிக்கு பஸ் ஏறினேன். இந்த வாரம் ஐந்து நாளும் எங்கள் வங்கிக் கிளைகளில் நகைக்கடன் தணிக்கை. விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தெற்குப் பக்கம் போகிற பாதை. பெட்டகத்தில் இருக்கும் நகைப் பொட்டலங்களை எடுத்து, சீட்டு எண் பார்த்து, பிரித்து, தராசில் வைத்து, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துத் திரும்பக் கட்டி வைப்பதுதான் வேலை. தணிக்கைப் பிரிவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. மாதத்தில் பாதி நாள் வெளியூர்ச் சாப்பாடுதான்.

தணிக்கைக்குப் போகிற கிளையில் தண்ணீரும் டீயும் தவிர எதையும் நான் வாங்கிக்கொள்வதில்லை. மேனேஜர்கள் பிரியமாகத்தான் சொல்வார்கள். இன்றைக்கும், "மேடம், வீட்ல சொல்லிட்டேன், சாப்பாடு வந்துரும்" என்றார் ஒருவர். அவர் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அவருடைய பெட்டகத்தில் ஒரு பொட்டலம் எடை குறைகிறது என்று எழுத எனக்கு வராது. அதனால் மூன்று வேளையும் வெளியில்தான். பெரும்பாலும் தனியாகத்தான்.

பெட்டகத்துக்குச் சாவி இரண்டு. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று வேறொரு அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்க முடியும், பூட்டவும் முடியும். ஒரு தட்டு நகையைப் பிரித்துவிட்டால் அதை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எனவே ஒரு மணிக்குச் சாப்பாடு என்பது இந்த வேலையில் நடக்காத காரியம். இன்று கையைக் கழுவி வெளியே வரும்போது மணி 2.50.

வெளிவேலைக்குப் போகிற எல்லோருக்கும் அந்த நேரம் தெரியும். மூன்றிலிருந்து நாலரை வரை ஊரே வயிற்றை மூடிக்கொண்டுவிடும். மேஜையைத் துடைத்து நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிற பையன், "சாப்பாடு முடிஞ்சிருச்சுக்கா, டிபன் அஞ்சு மணிக்கு" என்பான். இரண்டு கடை பார்த்தேன். மூன்றாவதில் தயிர்சாதம் இருந்தது. ஊறுகாய்க்குப் பதில் மோர்மிளகாய் கேட்டேன், உள்ளே போய்ப் பொரித்துக்கொண்டு வந்து வைத்தார்கள். மூன்று மணிக்கு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்த அந்தக் கடைக்கு அடுத்த முறையும் போவேன்.

சாயங்காலம் எண்ணெய் பரோட்டா. விருதுநகர் வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போக மனசு வரவில்லை. மிளகாய் வத்தலுக்கும் எண்ணெய் வியாபாரத்துக்கும் பேர்போன ஊர் இது. இங்கே பரோட்டா எண்ணெயில் நீந்துவதில் ஆச்சரியம் இல்லை.

வாசலிலேயே கல். நடுவில் குழிந்து, அந்தக் குழியில் எண்ணெய் நிற்கிறது. உள்ளங்கை அளவு பரோட்டாக்கள் முதலில் மேட்டில் வேகின்றன. பாதி வெந்ததும் மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தோசைத் திருப்பியால் குழிக்குள் தள்ளுகிறார். உள்ளே விழுந்ததும் சுற்றிலும் நுரை பொங்குகிறது. இரண்டு முறை புரட்டுவதற்குள் ஓரத்து மடிப்புகள் தனித்தனியாக விரிந்து பொன்னிறமாகிவிடும். அள்ளி ஓரத்தில் அடுக்கி எண்ணெயை வடியவிடுகிறார். அதை இலையில் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால், மேல்பக்கம் ஊறி அடிப்பக்கம் மொறுமொறுவென்று நிற்கிற ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு கூட்டமும்.

எனக்கு அந்த நிமிஷம் கிடைக்கவில்லை. நான் உள்ளே கால் வைத்ததும் கல்லாவில் இருந்தவர், "பார்சலா மேடம்?" என்றார். சாப்பிட என்றேன். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "ஃபேமிலி ரூம் மாடியில இருக்கு, ஆனா இன்னைக்கு ஆள் இல்ல. கீழ எல்லாம் ஜென்ட்ஸா இருக்காங்க…" என்று இழுத்தார். மரியாதை குறைவாக எதுவும் சொல்லவில்லை, எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நாள் முழுக்க நின்ற காலோடு அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. பார்சல் என்று சொல்லிவிட்டேன்.

லாட்ஜ் அறையில் பொட்டலத்தைப் பிரித்தபோது பரோட்டா ஆவியில் வேர்த்து, துணி மாதிரி ஆகியிருந்தது. ருசி இருந்தது, மொறுமொறுப்புதான் போயிருந்தது. கட்டிலில் நியூஸ் பேப்பர் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன். அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

செவ்வாய், கோவில்பட்டி

சாத்தூரில் பஸ் நின்றபோது ஜன்னலோரம் வெள்ளரிப்பிஞ்சு வந்தது. உப்பு மிளகாய்ப்பொடி தடவிய ஒரு கட்டு வாங்கினேன். சாத்தூர் சேவு திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோவில்பட்டியில் இறங்கும்போது எட்டு மணிகூட ஆகவில்லை. பஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு சந்து முனையில், தகரக் கூரை போட்ட இட்லிக் கடை. கடை என்று பலகைகூட இல்லை. உள்ளே இருந்த பத்துப் பதினைந்து பேரில் முக்கால்வாசி பெண்கள். எல்லோர் கையிலும் தூக்குவாளி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். இட்லி, தேங்காய்ச் சட்னி, தண்ணியான சாம்பார், கேட்டால் மிளகாய்ப்பொடி. பொடியை இலையில் வைத்து விரலால் குழி பறித்து அதில் நல்லெண்ணெய் ஊற்றுகிற அக்கா, என் இலைக்கு வந்தபோது, "எள்ளு வறுத்துப் போட்டது, கூட வச்சிக்கோங்க" என்றார். எள்ளின் வாசம் எண்ணெய்க்கு முன்னால் மூக்குக்கு வந்தது. நாலு இட்லி போதும் என்று உட்கார்ந்தவள் ஆறு சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் காசு கொடுக்கவில்லை, ஒரு நோட்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கணக்குத் தீர்ப்பார்களாம்.

நேற்று பரோட்டாக் கடையில் கேட்ட 'கீழ எல்லாம் ஜென்ட்ஸா இருக்காங்க' என்ற வார்த்தை அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வந்தது. பெண்கள் தனியாக வெளியில் சாப்பிடுவதில்லை என்று யார் சொன்னது? கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சந்தையில் காய் விற்கிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் காலங்காலமாகக் கடையில்தான் சாப்பிட்டு வருகிறார்கள். அவர்களை எந்தக் கடையும் மாடிக்கு அனுப்புவதில்லை. கைப்பை மாட்டிக்கொண்டு புடவையில் மடிப்பு வைத்துப் போகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் தனி அறை காட்டுகிறார்கள். அந்த அறையை இத்தனை வருஷம் நானும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் பாதி ஊர்களில் அந்த அறையில் விசிறி ஓடாது. படியேறி வருவதற்குள் தோசை ஆறிவிடும். இன்னொரு கரண்டி சட்னி வேண்டுமென்றால் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மதியம் மறுபடியும் மூன்று மணி. இன்று தப்பித்ததற்குக் காரணம் கடலைமிட்டாய். காலையிலேயே கால் கிலோ வாங்கிப் பையில் போட்டிருந்தேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண் கடலை, வெல்லப்பாகு, இரண்டும்தான். பாகு பதம் தப்பினால் பல்லில் ஒட்டும். நல்ல மிட்டாய் கடித்ததும் கண்ணாடி மாதிரி உடைய வேண்டும், கடலை தனித்தனியாகத் தெரிய வேண்டும். நகை அறைக்குள் எதையும் கொண்டுபோக மாட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தட்டு முடிந்ததும் வெளியே வந்து இரண்டு துண்டு தின்று தண்ணீர் குடித்தேன். மூன்று மணி வரை தலை கிறுகிறுக்கவில்லை.

தண்ணீர் என்று எழுதியதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வெளிவேலைக்குப் போகிற பெண்களில் பலர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் முதல் மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தேன். சிறுநீர்த் தாரையில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்த பிறகுதான் விட்டேன். இப்போது ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாட்டுக்கு முன்னால் கழிப்பறையைப் பார்த்துவிடுவேன். ஒரு தடவை நெடுஞ்சாலையில் பஸ் நின்ற ஓட்டல் ஒன்றில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி கல்லாவில். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று அந்தச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். என் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் முதலில் கொடுத்தேன். அந்த இடத்தில் பஸ் நின்றால் இப்போதும் நான் சாப்பிட இறங்குவதில்லை.

புதன், திருநெல்வேலி

இங்கே இரண்டு நாள். கிளை பெரியது, பொட்டலங்களும் அதிகம்.

மதியம் சொதி கிடைத்தது. இந்த ஒரு வரி திருநெல்வேலிக்காரர்களுக்குப் போதும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போடுகிற விருந்தில் சொதிதான் பிரதானம். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் வேகும். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதும் சேரும். இரண்டாம் பாலில் ஒரு கொதி. கடைசியாகக் கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. புளியோ, வத்தலோ, மஞ்சள்பொடியோ கிடையாது. இலையில் பார்த்தால் வெள்ளையாகச் சாதுவாக இருக்கும், அடிநாக்கில் இஞ்சி பிடிக்கும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக உட்காராமல் இருக்கப் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ்.

வாரத்தில் ஒரே நாள் சொதி போடுகிற மெஸ் அது. டவுன் பக்கம் ஒரு பழைய வீட்டின் முன்கட்டு. போன தடவை வந்தபோது விசாரித்து வைத்திருந்தேன். இன்று கிளையில் ஒரு பொட்டலத்தின் சீட்டு மாறியிருந்ததைச் சரிபார்த்து முடிக்கத் தாமதமாகிவிட்டது. (நகை சரியாகத்தான் இருந்தது. இரண்டு சீட்டு இடம் மாறிக் கட்டப்பட்டிருந்தது.) ஆட்டோ பிடித்து ஓடினேன், மணி 3.10. முன்கட்டில் ஒருவரும் இல்லை. சமைக்கிற அம்மா அப்போதுதான் தனக்கு இலை போட்டு உட்காரப் போனார்.

"சொதி இருக்காம்மா?"

"எனக்கு எடுத்து வச்சது இருக்கு. வாங்க, ரெண்டு பேருக்கும் காணும்."

வேண்டாம் என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. எதிரெதிரே இரண்டு இலை. கரண்டியில் காயும் பாலும் சமமாக விழும்படி அடியிலிருந்து கலக்கி ஊற்றினார். சோற்றில் குழி பறித்து ஊற்றக் கூடாது, பரப்பி ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "தனியா சாப்பிட்டா நானே அரை வயிறுதான் சாப்பிடுதேன். நீங்க ஊர் ஊரா சுத்துதீங்க, எப்படித்தான் முடியுதோ" என்றார். இரண்டாவது தடவை ஊற்றும்போது முருங்கைக்காயை என் பக்கம் தள்ளினார். அந்தக் கடைசித் துண்டு அவருக்குச் சேர வேண்டியது. சாப்பிட்டு முடித்ததும் காசு வாங்க மாட்டேன் என்றார். வீட்டுச் சாப்பாட்டில் பங்கு கொடுத்ததற்கு எப்படிக் காசு வாங்குவது என்பது அவர் நியாயம். கிளையில் வாங்கிச் சாப்பிட மறுக்கிற எனக்கு இங்கே ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பலகையில் எழுதியிருந்த சாப்பாட்டு விலையை மேஜையில் வைத்துவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன், திருநெல்வேலி

சொன்னபடி மதியம் அங்கேயே. இன்று சொதி இல்லை, வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அம்மா சாப்பிட்டு முடித்திருந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொன்னார்.

சாயங்காலம் கீழ ரத வீதி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை அல்வா. மாலையில்தான் கடை திறக்கும், வரிசை அதற்கு முன்பே நிற்கும். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற இந்த அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி தருகிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூறு கிராம் சூடாக வாங்கி அங்கேயே நின்று தின்றேன். விரலில் எடுத்தால் நெய் மணிக்கட்டு வரை இறங்குகிறது, மெல்ல வேண்டியதே இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர், பின்னால் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள், தெருவோரத்தில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிற ஒரு தாத்தா. தெருவில் நின்று தின்னும்போது யாரும் யாரையும் தனியாக வந்தீர்களா என்று கேட்பதில்லை.

வெள்ளி, தூத்துக்குடி

வேலை சுருக்கமாக முடிந்தது. எல்லாப் பொட்டலமும் சரி. அறிக்கையை அனுப்பிவிட்டு எழுந்தபோது ஐந்தே முக்கால்.

கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். பயிற்சி அதிகாரி, ஊர் தர்மபுரிப் பக்கம், வந்து மூன்று மாதமாகிறது. நாள் முழுக்க எனக்குப் பதிவேடு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். மதியம் டிபன் டப்பாவில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வைத்திருந்ததைக் கவனித்தேன். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "மேடம், நீங்க ஊர் ஊரா போறீங்களே, ராத்திரி எங்க சாப்பிடுவீங்க?"

ஹாஸ்டலில் வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு இல்லையாம். தனியாக ஓட்டலுக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது, போனால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, அதனால் பிரெட் வாங்கிவைத்துக்கொள்கிறேன் என்றாள். தூத்துக்குடியில் மூன்று மாதம் இருந்துவிட்டு இன்னும் பரோட்டா சாப்பிடவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை.

"செருப்பை மாட்டு, போவோம்" என்றேன்.

போகிற வழியில் பேக்கரியில் மக்ரூன் வாங்கினோம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, சின்னக் கோபுரமாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலரவைத்துச் செய்வது. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தக் கரைக்கு வந்த பலகாரம் என்பார்கள். முந்திரியும் அவர்கள் கொண்டுவந்த மரம்தான். வாயில் வைத்ததும் கரையும், முந்திரித் துருவல் மட்டும் நாக்கில் மிஞ்சும். வீட்டுக்கு அரைக் கிலோ.

இந்த ஊரில் ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. பலகையைப் பார்த்துத் தயங்கி நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு முன்னால், ஏழரைக்குப் போய்விடு. கல்லாவுக்குப் பக்கத்து மேஜை, தெருவைப் பார்த்த நாற்காலி. உள்ளே நுழையும்போதே என்ன வேண்டும் என்பது வாயில் தயாராக இருக்கட்டும், தயங்கி நின்றால்தான் பார்சலா என்று கேட்பார்கள். ஒரே கடைக்கு மூன்று தடவை போ. நாலாவது தடவை அவர்களே உனக்கு இடம் பிடித்து வைப்பார்கள்.

கல்லில் இருந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்து, "எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் ஏற்கெனவே இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் போல. தட்டை இழுத்துக்கொண்டு இடம் விட்டார்கள். பொரிச்ச பரோட்டா நாலு, ஆம்லெட் ஒன்று, சால்னா. அவள் முதலில் சிறு துண்டு பிய்த்து ஓரத்தில் தொட்டுத் தின்றாள். நான் அவள் பரோட்டாவை வாங்கிப் பிய்த்துப் போட்டு, நடுவில் சால்னாவை ஊற்றி, "இப்பச் சாப்பிடு, உடனே" என்றேன். கடித்தபோது வந்த சத்தம் எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை லாட்ஜ் அறையில் நான் தவறவிட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

எதிரில் இருந்தவர் எங்களிடம் சால்னா வாளியைத் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள். பிறகு அவளே கையைத் தூக்கி, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பரோட்டா" என்றாள். குரல் முதலில் எழும்பவில்லை. இரண்டாம் முறை நன்றாகக் கேட்டது.

பில் வந்ததும் பையைத் திறந்தாள். "மேடம், நான் குடுக்கறேன், நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க."

அறிக்கை போய்விட்டதுதான். இருந்தாலும் அவள் இருக்கிற கிளையைத் தணிக்கை செய்த நாள் இன்னும் முடியவில்லை. நான் அவளுக்குக் கொடுப்பதும் சரியில்லை, அவள் எனக்குக் கொடுப்பதும் சரியில்லை. இதையும் அவள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

"அண்ணாச்சி, ரெண்டு பில்லாப் போட்ருங்க."